தோள் மாறிய பூணூல்

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்
2 மார்ச் 2025

அத்தைக்கும் அத்திம்பேருக்கும் வாஞ்சியின் நமஸ்காரங்கள்.

இங்கே நான், ரோஷினி, அதிதி மூவரும் சௌக்கியம். அத்திம்பேரின் புதுக் காதுக் கருவி பழகிவிட்டதா? கோவில் மணி இரைச்சலாகக் கேட்கிறது, மனிதர்கள் பேசுவது கேட்கவில்லை என்றாரே. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

"நீ கார்லேர்ந்து போன் பண்ணினா நாலாவது வார்த்தையிலே எக்ஸிட் வந்துடுத்து அத்தைன்னு வெச்சுடறே. மாசம் ஒரு லெட்டர் கையாலே எழுது" என்று நீங்கள் போட்ட உத்தரவு மார்ச் மாதத்துக்கு இத்துடன் நிறைவேறுகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். என் 'கௌபாய் கோளாறு' வீடியோ சேனலில் இதுவரை எத்தனையோ தப்புகளைப் பிடித்துப் போட்டிருக்கிறேன். ஆறு குண்டு போடும் துப்பாக்கி எட்டுத் தரம் சுட்டது, பாலைவனத்தில் குதிரை வண்டிக்கு முன்னாலேயே கார் டயர் தடம் ஓடியது, விழுந்த தொப்பி அடுத்த ஷாட்டில் தலையில் உட்கார்ந்திருந்தது. ஆனால் இந்த வாரம் கிடைத்தது மாதிரி ஜன்மத்தில் கிடைக்காது. ஒரு பழைய படம். பாறை மேல் சண்டை. கதாநாயகன் மேல் ஓர் அப்பாச்சி செவ்விந்திய வீரன் பாய்கிறான். முகம் தெரியவில்லை, முதுகுதான். தலையில் இறகு, கழுத்தில் மணி மாலை, தோளில், சாட்சாத் பூணூல்! நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று புரி, முடிச்சு, எல்லாம் இருக்கிறது.

அதோடு போகவில்லை. பாயும்போது இடது தோளில் இருக்கும் பூணூல், குண்டு பட்டு விழும்போது வலது தோளில் இருக்கிறது. படச்சுருளை அச்சடிக்கும்போது இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் காலப் படங்களில் சகஜம். நான் அந்த ஆளுக்கு 'அப்பாச்சி அம்பி' என்று பேர் வைத்து, அவன் பாய்கிற இடத்தில் பூணூலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டமும், விழுகிற இடத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும் கார் ஹாரன் சத்தமும் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பாருங்கள்.

படிக்க வந்தபோது உங்கள் வீட்டில் இரண்டு வருஷம் சாப்பிட்டுக்கொண்டு, உங்கள் டிவியில்தான் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. கௌபாய் படம் ஆரம்பித்தால் அத்திம்பேர் மட்டும் தோட்டத்துக்குப் போய்விடுவார். இப்போதாவது என் தயவில் பார்க்கிறாரே.

உங்கள் பிரியமுள்ள,
வாஞ்சி


லிவர்மோர்
20 மார்ச் 2025

சிரஞ்சீவி வாஞ்சிக்கு அத்தையின் ஆசிகள். குழந்தைக்கும் ரோஷினிக்கும் என் அன்பைச் சொல்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நான்தான் அதற்குப் பழகிவிட்டேன். உன் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று கூப்பிட்டிருந்தார்கள். எங்களுக்காகத் தனியாகக் காய்கறி பர்கர் செய்து வைத்திருந்தாள் அந்தப் பெண். இவர் வழக்கம்போல் எள் தூவின பன்னைத் தொடவில்லை. "அங்கிள், வெஜ்தான்" என்று அவள் சொல்லச் சொல்ல, பசியில்லை என்றார். கல்யாணமான நாளாக இதே கூத்துதான். எள்ளுருண்டை சாப்பிடுவார், எள்ளு மிளகாய்ப்பொடி சாப்பிடுவார். பன் மேல் எள் இருந்தால் மட்டும் ஆகாது. ஏன் என்று கேட்டு நான் ஓய்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் கோளாறைப் பார்த்தோம். நீ அந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டாய். பாதியில் இவர் எழுந்து எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் விடப் போனார். முந்தின நாள்தான் மழை கொட்டித் தீர்த்திருந்தது.

அந்தப் படம் எந்த வருஷத்தது? எங்கே எடுத்தார்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

அப்புறம் வாஞ்சி, அம்பி கிம்பி என்று பேர் வைத்துத்தான் ஆகவேண்டுமா? யார் பெற்ற பிள்ளையோ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை
அனந்தலக்ஷ்மி


ஃபிரிஸ்கோ
6 ஏப்ரல் 2025

அத்தைக்கும் அத்திம்பேருக்கும் நமஸ்காரம். நலம்தானே? இங்கே மகரந்தத் தூள் காற்றில் பறந்து ரோஷினிக்கு ஓயாத தும்மல். மற்றபடி குறைவில்லை.

அத்தை, உங்கள் மருமான் பிரபலமாகிவிட்டான்! அம்பி வீடியோ பிய்த்துக்கொண்டு போகிறது. சென்னையிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து எல்லாம் அனுப்புகிறார்கள். இர்விங்கில் இருக்கும் என் சிநேகிதன் ஜெயபிரகாஷ், அம்பி படம் போட்ட டீ ஷர்ட்டே அடித்துவிட்டான். ஆஃபீஸில் என்னைப் பார்த்துப் பேசாதவர்கள்கூட வந்து கை கொடுக்கிறார்கள். நாற்பத்தேழு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது: 1968 கோடைக்காலம். டெக்சஸின் தெற்கு எல்லையில், ஆற்றங்கரையில் எடுத்திருக்கிறார்கள். கூட்டத்தில் நிற்க ஆள் போதாமல், லீவில் இருந்த காலேஜ் பையன்களில் நிறம் சரியாக இருந்தவர்களைப் பிடித்துப் போட்டார்களாம். அப்படி மாட்டியவன்தான் நம் அம்பி. இன்றைக்கு எங்கேயோ ரிடையர் ஆகி, பேரன் பேத்தியோடு சாதுவாக உட்கார்ந்திருப்பான். அத்திம்பேரும் அப்போது டெக்சஸில்தானே படித்துக்கொண்டிருந்தார்? அவருக்கு யாரையாவது தெரிந்திருக்குமா என்று கேளுங்கள். ஆளைக் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்தால் அமர்க்களமாக இருக்கும்.

முக்கியமான விஷயம். மே கடைசி சனிக்கிழமை இங்கே தமிழ் விழா. அதிதியின் நடனம் இருக்கிறது. என் நிகழ்ச்சியும் ஒன்று இருக்கிறது, அது சஸ்பென்ஸ். நீங்கள் இருவரும் அவசியம் வரவேண்டும். முன்வரிசையில் இடம் போட்டுவிட்டேன்.

வாஞ்சி


லிவர்மோர்
1 மே 2025

வாஞ்சிக்கு ஆசிகள். ரோஷினியின் தும்மல் நின்றதா? வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல்.

பதில் தாமதமாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

உன் கேள்வியை இவரிடம் கேட்டேன். "தெரியாது" என்றார். ஒரு நாள் கழித்து அவராகவே வந்து, "அந்தப் பையன் படம் திருப்பி பிரிண்ட் ஆயிடுத்துன்னு சொல்றானே, அது தப்பு. ஹீரோவோட துப்பாக்கி உறை ரெண்டு ஷாட்லயும் வலது இடுப்புலதான் இருக்கு. திரும்பியிருந்தா அதுவும் இல்லே இடது பக்கம் போயிருக்கணும்?" என்றார். எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

போன வாரம் கோவிலில் பிரசாத வரிசையில் நின்றிருந்தோம். தெரிந்தவர் ஒருவர் போனை நீட்டி, "சார், இதைப் பார்த்தேளா? நம்மாத்துப் பிள்ளை ஒத்தன் இறகு வெச்சுண்டு செத்து விழறான்!" என்று இவருக்குக் காட்டினார். ஹாரன் சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். இவர் சிரித்ததைப் பார்க்க எனக்குத்தான் சகிக்கவில்லை. புளியோதரையை வாங்காமலே காருக்கு வந்துவிட்டோம்.

விழாவுக்கு வேண்டாம் என்று நான் சொன்னேன். "குழந்தை டான்ஸ் ஆடறா, போகாம எப்படி?" என்கிறார். அதனால் வருகிறோம். உன் நிகழ்ச்சி என்ன என்று முன்னாலேயே சொல்லிவிடேன்.

அத்தை


ஃபிரிஸ்கோ
12 மே 2025

அத்தைக்கு நமஸ்காரம். தும்மல் நின்றது. நீங்கள் இருவரும் வருவது எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

துப்பாக்கி உறை! எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? ஊரார் படத்தில் தப்புப் பிடிக்கிறவன் இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு அசடு வழிகிறேன். அத்திம்பேருக்கு என் சல்யூட்.

ஆனால் அதிலும் ஒரு லாபம். படம் திரும்பவில்லை என்றால் பூணூல் ஏன் தோள் மாறியது? இதையே போட்டியாக வைத்துவிட்டேன். பதில்கள் குவிகின்றன. ஒருவர், "பித்ரு காரியத்துக்குத்தானே பூணூல் வலது தோளுக்குப் போகும்? சாகப் போறோம்னு தெரிஞ்சு தனக்குத் தானே காரியம் பண்ணிண்டுட்டார்" என்று எழுதியிருக்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதிதிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "டாட், திஸ் இஸ் நாட் ஓகே. ஒரே ஜோக்கில் இரண்டு ஜனங்களைக் கேலி பண்றே" என்று பாதி இங்கிலீஷில் திட்டிவிட்டுப் போய்விட்டாள். பதினைந்து வயது. எதைச் சொன்னாலும் முறைக்கிற வயது.

நிகழ்ச்சி என்ன என்று சொல்லமாட்டேன். வந்து பாருங்கள்.

வாஞ்சி


ஃபிரிஸ்கோ
9 ஜூன் 2025

அத்தைக்கும் அத்திம்பேருக்கும் நமஸ்காரம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ஞாயிறு காலை நாங்கள் எழுந்திருப்பதற்குள் டாக்ஸி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். நான் கொண்டுவிட்டிருக்க மாட்டேனா? சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ரோஷினி கவலைப்படுகிறாள்.

விழாவைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. நான் சட்டையில்லாமல், இறகு வைத்துக்கொண்டு மேடையேறியது உங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். ஆனால் கூட்டம் எப்படி ரசித்தது, பார்த்தீர்கள் அல்லவா? பூணூலை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு நான் மாற்றியபோது அரங்கமே அதிர்ந்தது. நான் செத்து விழுந்ததும் முதலில் எழுந்து நின்றது அத்திம்பேர்தான். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தரையில் கிடந்தபடியே அதைப் பார்த்தேன். என் அப்பா உயிரோடு இருந்து எழுந்து நின்ற மாதிரி இருந்தது.

அவருக்கு அதற்காக என் நன்றியைச் சொல்லுங்கள்.

வாஞ்சி


ஃபிரிஸ்கோ
6 ஜூலை 2025

அத்தைக்கு நமஸ்காரம். என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தால், "இருக்கோம்டா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள்.

நேற்று விழாவின் வீடியோவை அனுப்பியிருந்தார்கள். சேனலில் போடலாம் என்று வெட்ட உட்கார்ந்தேன். ஒரு காமிரா முன்வரிசைப் பக்கம் திரும்பியிருந்தது. நான் பூணூலை மாற்றுகிற இடத்தில் எல்லோரும் குலுங்கிச் சிரிக்கிறார்கள். அத்திம்பேர் சிரிக்கவில்லை. அவர் கை மெதுவாக ஏறித் தன் வலது தோளைப் பிடித்துக்கொள்கிறது. நான் விழுகிறேன். அவர் எழுகிறார். அவர் கைதட்டவே இல்லை, அத்தை. இன்னொரு கையில் உங்கள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, வெளியே போகும் வழியைத் தேடுகிறார். பின்னால் இருந்தவர்கள் அவர் எழுந்ததைப் பார்த்து எழுந்து நின்று, கைதட்டி, வழியை அடைத்துவிட்டார்கள்.

அதை நிறுத்திவிட்டு அந்தப் பழைய படத்தைப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது.

நான் உங்கள் வீட்டில் இருந்தபோது தீபாவளிக்கு அத்திம்பேர் முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். இடது தோள்பட்டைக்குக் கீழே மாவடு அளவுக்கு ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் வடிகஞ்சி கொட்டியது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

பூணூலைச் சுற்றி நான் போட்ட சிவப்பு வட்டம் சரியாக அந்த இடத்தின் மேல் ஓடுகிறது. வட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன்.

நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுதுங்கள்.

வாஞ்சி


லிவர்மோர்
19 ஜூலை 2025

வாஞ்சிக்கு அத்தையின் ஆசிகள். உடம்புக்கு இருவருக்கும் ஒன்றுமில்லை.

நீ நினைப்பது தப்பில்லை.

நான் முதல் நாளே, முதல் தடவை நீ காட்டியபோதே பார்த்துவிட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் பார்த்த முதுகு. இவரிடம் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. நாள் தவறாமல் ஒரே மேஜையில் காபி குடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். எனக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியுமோ என்று நான் பயந்தேன். இவரும் அப்படியேதான் பயந்திருக்கிறார்.

உன் ஊரிலிருந்து திரும்பும்போது விமானத்தில் சொன்னார். காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார். நான் நடுவில் ஏதாவது பேசிவிட்டால் முடிக்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ.

லீவில் கல்லூரி விடுதியில் தனியாக இருந்தபோது படத்துக்கு ஆள் எடுத்தார்களாம். சாப்பாடு போடுகிறார்கள் என்று போனாராம். பூணூலைக் கழற்றமாட்டேன் என்று இவர் நின்றதும், இருக்கட்டும், இதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று மணி மாலையை மேலே போட்டுவிட்டார்களாம். பாறையிலிருந்து பாய்கிற காட்சியை எடுத்த மறுநாள் ஊரிலிருந்து தந்தி. என் மாமனார், இவர் அப்பா, போய்விட்டார். விமானத்துக்குப் பணம் இல்லை. ஊரில் இவர் அண்ணா இருந்து கொள்ளி போட்டுவிட்டார்.

அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ண இவருக்கு எள் கிடைக்கவில்லை. டெக்சஸ் எல்லையில், அந்த வருஷத்தில், எள்ளை யாரிடம் கேட்பது? படக்காரர்கள் கொடுத்த சாப்பாட்டில் பர்கர் பன் இருந்திருக்கிறது. அதன் மேலிருந்த எள்ளை நகத்தால் சுரண்டி எடுத்து, ஆற்றில் இறங்கி, பூணூலை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு அப்பாவுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார். அந்தக் கோலத்தில் இருந்தவரைத்தான் விழுகிற காட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நன்றாக விழுந்தாராம். எல்லோரும் கைதட்டினார்களாம். "அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்தது லக்ஷ்மி. அப்பா போய் நாலு நாள் ஆகலே, எனக்குச் சந்தோஷமா இருந்தது" என்றார். இவர் அழுது நான் பார்த்ததில்லை.

எங்கள் கல்யாணத்துக்காக இவர் ஊருக்கு வந்தபோது, இவர் அண்ணா பந்தியில் எல்லோர் முன்னாலும், "பெத்த அப்பனுக்கு ஒரு கை எள்ளும் தண்ணியும் விடாத மகாராஜன்" என்று சொன்னார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இவர் தலை குனிந்து சாப்பிட்டார். விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எள் எங்கிருந்து வந்தது, நீ எங்கே இருந்தாய், எந்த வேஷத்தில் இருந்தாய் எல்லாம் சொல்ல வேண்டும். அண்ணா போய்ச் சேரும்வரை சொல்லவே இல்லை. இந்த வீட்டில் எள் போட்ட பன் ஏன் நுழையவில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் பொய்யாகும். இருக்கிறது.

அத்தை


ஃபிரிஸ்கோ
27 ஜூலை 2025

அத்தைக்கு நமஸ்காரம்.

கடிதத்தைக் காரில் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குள் போக முடியவில்லை. வெளியே கொளுத்தும் வெயில். அதிதி வந்து கண்ணாடியைத் தட்டினாள். என்னப்பா என்றாள். கடிதத்தை நீட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நானே படித்துக் காட்டினேன். எள் வருகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நான் அப்போதே சொன்னேனே என்று அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் இன்னும் கூசுகிறது.

வீடியோவை எடுத்துவிட்டேன். போட்டியை எடுத்துவிட்டேன். ஜெயபிரகாஷிடம் டீ ஷர்ட்டை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். சொல்லவில்லை. மற்றவர்கள் பரப்பியது அவர்கள் போன்களில் இருந்துகொண்டே இருக்கும். அதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒருவர் எழுதியதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று உங்களுக்கே எழுதினேன். ஆளைக் கண்டுபிடித்துப் பேட்டி எடுப்பேன் என்று எழுதினேன். அதையெல்லாம் நீங்கள் அவருக்குப் படித்துக் காட்டினீர்களா? காட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் சோறு போட்ட மனிதர் எதிரில் சட்டையைக் கழற்றிவிட்டு, அவர் தன் அப்பாவுக்கு அழுத நாளை நடித்துக் காட்டினேன். கைதட்டலும் வாங்கினேன். வெட்கமாக இருக்கிறது, அத்தை. வேறு பெரிய வார்த்தை ஏதாவது இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்டு அவருக்கு எழுத நாலு தரம் பேனாவை எடுத்தேன். 'அத்திம்பேருக்கு' என்று எழுதியதோடு நிற்கிறது. அந்தச் சேனலையே மூடிவிடப் போகிறேன்.

வாஞ்சி


லிவர்மோர்
16 ஆகஸ்ட் 2025

சிரஞ்சீவி வாஞ்சிநாதனுக்கு ராமசுப்ரமணியன் ஆசீர்வாதம்.

நான் சௌக்கியம். உன் அத்தைக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள், இப்போது பரவாயில்லை. தமிழில் எழுதி ரொம்ப வருஷம் ஆகிறது. பிழை இருந்தால் உன் வழக்கப்படி கண்டுபிடித்துக்கொள்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் அனந்தலக்ஷ்மி என்னிடம் கொடுத்தாள். பேட்டி எடுக்க ஆசைப்பட்டாயே, அதையும் படித்தேன். ஆகையால் நீ எதையும் ஒளிக்க வேண்டியதில்லை, நானும் ஒளிக்கவில்லை.

மேடையில் நீ செய்தது எனக்கு வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ என்னைக் கேலி செய்யவில்லை. யாரோ ஓர் அம்பியைக் கேலி செய்தாய். அவனைக் கண்டு நானும்தான் இத்தனை காலம் கூசிக்கொண்டிருந்தேன்.

வீடியோவை எடுத்துவிட்டாய் என்று தெரிந்தது. நீ எடுக்கக் கூடாது. நான் அந்தப் படத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அப்பாவுக்கு நான் தண்ணீர் விட்டதற்குச் சாட்சி சொல்ல இந்த உலகத்தில் ஓர் ஆள் கிடையாது. சில வருஷங்கள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, விட்டேனா, இல்லை அண்ணா பேச்சுக்குப் பயந்து விட்டதாக நினைத்துக்கொள்கிறேனா என்று. உன் வீடியோவில்தான் என் வலது தோளில் அது இருப்பதைப் பார்த்தேன். அன்றைக்கு எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் விடப் போகவில்லை. அந்தப் பக்கம் போய் நின்று அழுதேன். மறுபடி போடு. ஹாரன் மட்டும் வேண்டாம். அதிதி சொன்னதையும் நினைவில் வைத்துக்கொண்டு போடு. அந்த வேஷம் நம் யாருடையதும் அல்ல.

ஒரு திருத்தம் இருக்கிறது. அந்த ஆள் பூணூலை மறுபடி இடது தோளுக்கு மாற்ற மறந்துவிட்டான் என்று உன் போட்டியில் பலர் சொல்லியிருந்தார்கள். மறக்கவில்லை. தண்ணீர் விட்டு முடித்ததும் பூணூலை இடது தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சாஸ்திரப்படி நான் செய்தது தப்பு. மாற்றிவிட்டால் அப்பா முடிந்துவிடுவார் என்று தோன்றிற்று. அதனால் மாற்றவில்லை. அவ்வளவுதான்.

இன்னொன்று. ஷாட்டுக்கு ஷாட் உடை, தொப்பி, கண்ணாடி டம்ளர் எல்லாம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கவே அங்கே ஒரு அம்மாள் இருந்தாள். நரைத்த தலை, பெரிய வெயில் தொப்பி. உன்னைப் போலத் தப்புப் பிடிப்பதே அவள் வேலை. காமிரா ஓடுவதற்கு முன் என்னிடம் வந்து, நேற்று இந்த நூல் அந்தப் பக்கம் இருந்ததே, மாற்றிப் போடு என்றாள். நான் அசையவில்லை. ஏன் என்றாள். என் அப்பா இறந்துவிட்டார், இது அவருக்காக என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவ்வளவுதான் வந்தது.

அவள் என் கழுத்து மாலையை மட்டும் சரி செய்தாள். டைரக்டர் பக்கம் திரும்பி, "எல்லாம் சரியாக இருக்கிறது, எடுக்கலாம்" என்று உரக்கச் சொன்னாள்.

அதனால் அந்த இடத்தில் நீ போட்டிருக்கும் சிவப்புப் பெருக்கல் குறியை எடுத்துவிடு. அந்த அம்மாள் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொன்னாள்.

தீபாவளிக்குக் குழந்தையை அழைத்துக்கொண்டு இங்கே வா. எண்ணெய் தேய்த்துவிட ஆள் வேண்டும்.

இப்படிக்கு
உன் அத்திம்பேர்